மற்றவர்கள் உங்களைப் பார்க்கலாமா

ஓஸுர்கெத்தியில் ஐந்தாம் நாள் மழை.
கால்நடை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கும்
டாக்டரின் மேசைக்கும் நடுவே
நடந்தே அளந்தேன், பதினொரு தப்படி.
செவ்வாய் இரவிலிருந்து
படங்கள் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

நாஸிப்ரோலா டாக்டரின் கையுறையில் நாய்முடி.
பெஞ்சில் முர்தாஸ்,
பாதி மடியிலும் பாதி தரையிலுமாக
அவருடைய வேட்டைநாய்.
எதையோ விழுங்கியிருக்கிறது.
எதை என்று அந்த அறைக்குத் தெரியும்;
அங்குள்ள பழைய திரையிலோ
கட்டைவிரல் அளவு சாம்பல்தான் தெரிகிறது.

முதலில் கேபிள்.
எப்போதும் முதலில் கேபிள்.
பச்சை விளக்கு மினுக்கியது.
கறுப்புச் சன்னலில் எண்ணைத் தட்டி
எக்ஸ்ரே கணினியிலிருந்து இந்தப் பக்கம் கூப்பிட்டேன்:
இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன்
என்றது மேசைக் கணினி,
மூச்சு விடும் நேரம்கூட எடுக்காமல்.
பதினொரு தப்படி நடந்து வந்து
இங்கிருந்து அதைக் கூப்பிட்டேன்.
கிணற்றில் போட்ட கல்.

"உடைந்துவிட்டதா?"
"இல்லை டாக்டர். காது கேட்கிறது.
வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது."

பிறகு ஒன்று கண்ணில் பட்டது.
பணிக்குழுவின் பெயர் இரண்டிலும் வேறு வேறு.
ஒன்றில் ஸெபெதே.
டாக்டரின் தம்பி, இங்கே பாதிப் பங்காளியாக இருந்தவர்,
இப்போது பத்தூமியில்,
இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
அடுத்தவர் வீட்டுச் சண்டையை
அமைப்புகளுக்குள் கண்டெடுப்பதில்
வெளியாளுக்கு ஒரு கேடுகெட்ட மகிழ்ச்சி.
பெயரை மாற்றி, அணைத்து, மீண்டும் போட்டு,
ஏழு நிமிடம் காத்திருந்தோம்.
ஒன்றும் ஆகவில்லை.
அது வெறும் பெயர்ப்பலகை.
தம்பி மேல் தப்பில்லை, இந்த விஷயத்திலாவது.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை
அப்போதுதான் கேட்டேன்:
செவ்வாயன்று என்ன மாறியது?

இடி விழுந்து ரவுட்டர் கருகியதாம்.
புதியதை அவரே வாங்கி மாட்டினாராம்.
கணினி ஏதோ கேட்டதாம்.
"என்ன கேட்டது?"
"மற்றவர்கள் உங்களைப் பார்க்கலாமா என்று."
"நீங்கள்?"
"இல்லை என்று அழுத்தினேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்:
"இரவு பதினொன்றரை. தனியாக இருந்தேன்.
வாசல் பூட்டு சரியில்லை.
அப்படியொரு கேள்விக்கு
ஆம் என்று அழுத்துகிறவள் யார், சொல்லு."

இது நான் படித்த கையேட்டில் இல்லை.
தெருவுக்குத் திறக்கிற கதவு அல்ல இது,
நாலு சுவருக்குள் மட்டும்தான் என்றேன்.
"நாலு சுவருக்குள் என்றால் சரியா?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.
பொது என்றிருந்ததை அவரே
தனி என்று மாற்றினார்,
அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகு.

கோப்புறை தெரிந்தது.
சொடுக்கினால், அனுமதி மறுக்கப்பட்டது.
சாமி வரம் கொடுத்தாயிற்று,
பூசாரி இன்னும் கொடுக்கவில்லை.
பகிர்வுக்கு ஒரு பட்டியல், பாதுகாப்புக்கு வேறொரு பட்டியல்;
இரண்டாவதில் டாக்டரின் பெயரே இல்லை,
அவருடைய சொந்த மருத்துவமனையில்.
எழுதிச் சேர்த்தேன்.

மூன்று நாள் படங்கள் ஒன்றாக வந்து கொட்டின.
ஒரு வெள்ளாட்டின் முழங்கால்.
ஒரு பூனை, வயிற்றுக்குள் ஐந்து மணிமாலைபோல்
ஐந்து குட்டிகளின் முதுகெலும்பு.
பிறகு வேட்டைநாய்:
விலா எலும்புகளைத் தாண்டி, வெள்ளைவெளேரென்று,
வாய் மேலே பார்த்த ஒரு குட்டி மணி.

முர்தாஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"அங்குஸ்தான்! என் மனைவியின் அங்குஸ்தான்!
நான் தொலைத்தேன் என்று
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திட்டு வாங்குகிறேன்."
படத்தின் பிரதி ஒன்று கேட்டார்,
வீட்டில் காட்ட.

கருவிகளை எடுத்து வைக்கும்போது டாக்டர் கேட்டார்,
"மறுபடி கேட்குமா அது?"
"புது இடத்துக்குப் போனால் கேட்கும்."
"கேட்கட்டும்" என்றார்.
கதவுப் பூட்டைத் திருகிப் பார்த்தேன். ஆடியது.
அது என் வேலையில்லை, ஆனாலும்
இரண்டு திருகாணி போட்டுவிட்டு வந்தேன்.

அங்குஸ்தான் சனிக்கிழமை வந்துவிட்டதாம்,
தானாக,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.